மாற்றிய மூட்டு தகராறு செய்தால்

களியக்காவிளை: அண்ணாச்சி, அம்மைக்கு 2009-ல் திருவனந்தபுரத்தில் இடுப்பு மூட்டு மாற்றினோம். இப்போ வலி. பழுதான மூட்டா என்று எப்படி அறிவது?

முதலில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். அதிலோ ஆபரேஷன் குறிப்பிலோ ரெஃப் (மாடல்), லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்கள் உள்ள ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். வழக்குக்கு அதுதான் ஆதாரம்.

2010 ஆகஸ்டில், செயற்கை மூட்டு செய்யும் டெப்யூ நிறுவனம் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்ற ஏ.எஸ்.ஆர். மாடல், அந்தக் காலத்து இடுப்பு மூட்டுதான். அதில் கிண்ணம், பந்து இரண்டும் கோபால்ட்-குரோமியம் உலோகம். உரசி உதிரும் துகள் சுற்றுத் தசையை அரிக்கும். எக்ஸ்ரேயில் அது தெரியாது, உலோக நிழலைக் குறைக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். ரத்தத்தில் கோபால்ட், குரோமியமும் பாருங்கள்; லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் தாண்டினால் கவனம். ட்ரேஸ் எலிமென்ட் டியூபில்தான் (உலோகக் கலப்பில்லாத தனிக் குழாய்) ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், சாதாரண டியூபில் அளவு தப்பும்.

ஏ.எஸ்.ஆர். என்று உறுதியானால்: 2018 நவம்பரில் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீட்டுக் கணக்கு வகுத்தது. நிறுவனம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

பாறசாலை: ஆஸ்பத்திரியில் பழைய ஃபைல் இல்லை என்கிறார்களே?

எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2002 மருத்துவ கவுன்சில் விதிப்படி, கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். ஆனால் அதே விதி 3 ஆண்டுதான் வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே இன்சூரன்சுக்குக் கொடுத்த கிளெய்ம் நகலைத் தேடுங்கள், ஸ்டிக்கர் நகல் அதில் சிக்கலாம்.

மார்த்தாண்டம்: சார், அடுத்த வாரம் முழங்கால் மூட்டு மறுபடி மாற்றுகிறார்கள். என்ன செய்யணும்?

கழற்றும் பாகங்களைக் கைவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே, ‘கழற்றிய பாகங்கள் அனைத்தும் எனக்கு வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இல்லையேல் கழிவோடு போய்விடும், அல்லது ஆய்வுக்கு என்று கம்பெனி ஆள் கொண்டுபோவார். உலோகங்களுக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டையும் கேளுங்கள். எக்ஸாக்டெக் என்ற நிறுவனத்தின் மூட்டுகளில் 2021, 2022-ல் சிக்கியது அதுதான்: பொதியில் ஆக்சிஜன் தடுக்கும் அடுக்கு குறைந்ததால் பிளாஸ்டிக் சீக்கிரம் தேய்ந்தது.

கிருமி ஆய்வும் செய்யச் சொல்லுங்கள். மூட்டு ஆடிப்போக சீழ், சாய்வாகப் பொருத்தியது என்று வேறு காரணங்களும் உண்டு. எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

கொல்லங்கோடு: ஆபரேஷன் கேரளத்தில். கேஸ் போட அங்கேயே அலையணுமா?

வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், உங்களுக்கு நாகர்கோவில். சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல. 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. கெடு 2 ஆண்டு. தாமதமானால் காரணம் காட்டி மனு வேண்டும். மலையாளத்தில் உள்ள தாள்களை மொழிபெயர்த்துச் சேருங்கள்.

களியக்காவிளை: டாக்டர் மேலயா, கம்பெனி மேலயா?

பொருளே கோளாறு என்றால் தயாரிப்பாளர் மேல். அவர் கவனக்குறைவு இல்லை என்று காட்டினாலும் அதே நுகர்வோர் சட்டத்தின் 84-ஆம் பிரிவில் தப்ப முடியாது. பொருத்தியதில் தப்பு என்றால் ஆஸ்பத்திரி. தெளிவில்லாவிட்டால் இருவரையும் சேருங்கள்.