அரைநாள் வேலைக்கு மூன்று மணி நேரப் பயணம்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான், மகளுக்கு மூன்றரை வயது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது பழைய மேலாளர் திரும்பக் கூப்பிடுகிறார். காலை பத்து முதல் மதியம் இரண்டு மணி வரை, வாரத்தில் ஐந்து நாள். தூரம்தான் யோசிக்க வைக்கிறது. ரயிலில் போய் இறங்கி, பேருந்து பிடித்து, ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். "டிக்கெட்டுக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் போக உன் சம்பளத்தில் என்ன மிஞ்சும்?" என்று கணவர் கேட்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போங்கள், சகோதரி. ஆனால் அவர்கள் சொன்ன நேரத்தை அப்படியே ஒப்புக்கொண்டு போகாதீர்கள்.

நான்கு மணி நேரம் வேலை செய்தாலும் எட்டு மணி நேரம் வேலை செய்தாலும், போய்வர ஆகும் மூன்று மணி நேரம் குறையப்போவதில்லை. முழுநேரம் பார்ப்பவருக்கு அது எட்டுக்கு மூன்று. உங்களுக்கு நாலுக்கு மூன்று. வாரத்துக்கு 20 மணி நேரச் சம்பளம் வாங்க 35 மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டியிருக்கும். நான்கு வாரச் சம்பளத்தை 80ஆல் வகுக்காமல் 140ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு உங்கள் கைக்கு வருவது அவ்வளவுதான். டிக்கெட் செலவை இன்னும் கழிக்கவில்லை.

அதனால் மேலாளரிடம் ஒன்று கேளுங்கள். அதே 20 மணி நேரத்தை மூன்று நாளில் முடித்துக்கொடுக்கலாமா? பயணம் 15 மணி நேரத்திலிருந்து 9ஆகக் குறையும், வாரத்தில் இரண்டு வேலைநாள் முழுதாக உங்கள் கையில் இருக்கும். இரண்டு நாள் அலுவலகத்தில் முழுநேரம், மீதி நான்கு மணி நேரம் வீட்டிலிருந்து என்று ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது, பயணம் 6 மணி நேரம்தான். கணக்கு வேலை இதற்கு ஒத்துவரக்கூடியது. பில்களைப் பதிவு செய்வது, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு டேலி பார்ப்பது இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். மாதக் கடைசியிலும் ஆடிட் சமயத்திலும் நேரில் இருந்தாக வேண்டும், அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அவர் தேடிவந்து கூப்பிடுகிறார் என்றால் உங்கள் வேலையின் தரம் அவருக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் கேட்கத் தயங்குவதை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் பத்து முதல் இரண்டு என்றால் பள்ளி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுமே என்று தோன்றும். எட்டரைக்குக் கிளம்பி மூன்றரைக்கு வீடு. தாளில் எழுதிப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் பத்து நிமிடம்கூட இடைவெளி இல்லை என்பதுதான் என் கவலை. ஒரு ரயில் தாமதமானால் அடுத்த பேருந்து போய்விடும். இரண்டு மணிக்கு எழுந்திருக்கும்போது மேலாளர் "ஒரே ஒரு சந்தேகம்" என்று கூப்பிட்டால் உங்கள் வயிற்றில் நெருப்பு. வாரத்தில் ஐந்து நாளும் அந்தப் பதற்றத்தோடு ஓட முடியாது. மூன்று நாள் ஏற்பாட்டில் குழந்தைகள் உங்களைக் கூடுதல் நேரம் பிரிந்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் மாலை வரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முன்பே முடிவாகியிருக்கும். தெளிவான ஏற்பாட்டுக்குக் குழந்தைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். வருவாளா மாட்டாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவர்களுக்குச் சிரமம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து "பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள்" என்று போன் வந்தால் யார் போவார்கள்?

என் மகன் முதல் வகுப்பில் இருந்தபோது நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு அரைநாள் போய்வந்தேன். இரண்டு பேருந்து. முதல் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும், இரண்டாவதில் எப்போதும் நின்றுகொண்டுதான். அந்த வேலையில் நான் நீடிக்க முடிந்ததற்குக் காரணம் என் திறமையோ பொறுமையோ அல்ல, மாடி வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பள்ளியில் கொடுத்த படிவத்தில் என் எண்ணுக்குக் கீழே அவர் எண். என்னால் வர முடியாத நேரத்தில் அவர் போய் அழைத்துவந்துவிடுவார். பள்ளியிலிருந்து பத்து நிமிடத் தொலைவில், பிள்ளைகள் நம்பி ஒட்டிக்கொள்ளும் ஒருவர் இருந்தால் ஒன்றரை மணி நேரத் தூரத்தைச் சமாளித்துவிடலாம். ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். அவருக்கும் உடம்பு சரியில்லாமல் போகும், ஊருக்குப் போவார். வேலைக்குச் சரி சொல்வதற்கு முன் இந்த இரண்டு பெயரையும் உறுதி செய்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு வேலைநாளில் அதே நேரத்துக்குக் கிளம்பி ஒருமுறை போய்வாருங்கள், திரும்பும் நேரத்தையும் சேர்த்து. விடுமுறை நாளில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதாந்திர பாஸ் தினமும் போகிறவர்களுக்காகப் போட்ட விலை. மூன்று நாள் மட்டும் போனால் தனித்தனி டிக்கெட்டே மலிவாக முடியலாம், விசாரியுங்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. காப்பகச் செலவை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்க வேண்டும்? அவர் வேலைக்குப் போவதற்கும் சேர்த்துத்தானே குழந்தையை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்? இருவர் சம்பளத்தையும் கூட்டி, அதிலிருந்து கழியுங்கள். 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வருமான வித்தியாசம் பெருமளவு முதல் குழந்தை பிறந்த பிறகே உருவாகிறது என்று காட்டியவர். உங்கள் வாழ்க்கையிலும் அந்த இடத்தில்தான் வேலை நின்றிருக்கிறது. முதல் வருடம் கையில் பெரிதாக மிஞ்சாவிட்டாலும், விட்டுப்போன தொழில் திரும்பக் கைக்கு வருகிறது. நாளை வீட்டுக்கு அருகில் ஓர் இடம் காலியாகும்போது நீங்கள் வேலையில் இருப்பவராக விண்ணப்பிப்பீர்கள்.

அவரோடு இன்னொன்றும் பேசுங்கள். பிரிட்டனில் பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஜெனிபர் ராபர்ட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நீண்ட பயணம் பெண்களின் மனநலத்தைப் பாதித்தது, ஆண்களிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. வீட்டு வேலையும் குழந்தைப் பொறுப்பும் பெண்கள் மீதே கூடுதலாக இருப்பதை அவர்கள் காரணமாகச் சுட்டினார்கள். ஆகவே நீங்கள் வெளியே இருக்கும் நாட்களில் காலையில் பிள்ளைகளைக் கிளப்புவதும் இரவு வீட்டுப்பாடம் பார்ப்பதும் அவர் பொறுப்பு. "முடிந்தபோது உதவுகிறேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்த நாள், எந்த வேலை என்று பேசி முடியுங்கள்.

நாட்களைக் குறைக்க மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை, பள்ளிக்கு அருகில் ஆளும் இல்லை என்றால் இந்த வேலை வேண்டாம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். வேலைக்குப் போகும் ஆசையை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: மனைவி முழுநேர வேலையில் இருக்கிறார். மகளைப் பார்த்துக்கொள்ள நான் பகுதிநேரத்துக்கு மாறிவிட்டேன். ரயிலில் தினமும் ஒரு மணி நேரம் மடிக்கணினியில் வேலை செய்கிறேன். அதை வேலை நேரமாகக் கணக்கிடச் சொல்லலாமா?
- ஒரு தந்தை

பதில்: சொல்லலாம், எழுத்தில் வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015இல், நிலையான பணியிடம் இல்லாமல் வாடிக்கையாளர்களிடம் போகிறவர்களுக்கு, வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போவதும் கடைசி இடத்திலிருந்து வீடு திரும்புவதும் வேலை நேரம்தான் என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு ஒரே அலுவலகம் என்பதால் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்க முடியாது. நிறுவனம் மனம்வைத்துத் தர வேண்டியது. ஒரு மாதம் ரயிலில் என்னென்ன முடித்தீர்கள் என்று தேதியோடு குறித்துவையுங்கள். அதைக் காட்டி, அலுவலகத்திலிருந்து அரை மணி நேரம் முன்னால் கிளம்ப அனுமதி கேளுங்கள். முழு ஒரு மணி நேரம் கேட்பதைவிட இது கிடைக்க வாய்ப்பு அதிகம். மகளைப் பள்ளி வாசலில் காத்திருக்க வைக்காமல் அழைத்துக்கொள்ள அந்த அரை மணி நேரம் போதும் அல்லவா?