தபால் வாக்கு: உறையை ஒட்டும் முன் கேட்க வேண்டியவை

நியூ ஜெர்சியில் சில தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியாளராக இருந்திருக்கிறேன். புதிதாகக் குடியுரிமை வாங்கிய நம் ஆட்களுக்குப் பதிவுப் படிவம் நிரப்ப உதவியும் இருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. அமெரிக்காவில் தேர்தல் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். அதனால் கடைசியாக ஒருமுறை உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். நம் ஆட்கள் என்னிடம் கேட்பவையும் நான் சொல்லும் பதில்களும் கீழே.

அக்கா, போன மாதம்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடுமா?

ஏறாது. நீங்கள்தான் பதிய வேண்டும். வாக்காளர் பதிவே இல்லாத ஒரே மாநிலம் நார்த் டகோட்டா. நியூ ஜெர்சியில் தேர்தலுக்கு 21 நாள் முன்பு கெடு முடியும், டெக்சாஸில் 30 நாள். டெக்சாஸில் முதல்முறை பதிகிறவர் பெரும்பாலும் காகிதப் படிவத்தில் கையெழுத்திட்டுத்தான் கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரியான உள்ளூர் நிர்வாகம்) அனுப்ப வேண்டியிருக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் லைசென்ஸ் கிரீன் கார்டு காலத்தில் எடுத்ததாக இருந்தால், டிஎம்வி (லைசென்ஸ் தரும் வாகனத் துறை) கணக்கில் நீங்கள் இன்னும் வெளிநாட்டவராகவே இருக்கலாம். பதிவைச் சரிபார்க்கும்போது லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ ஒப்பிடுவார்கள். டிஎம்வி, சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் இரண்டு இடத்திலும் குடிமகன் என்று முதலில் மாற்றிக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

என் கணவருக்குக் கிரீன் கார்டுதான். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது ‘வாக்காளராகப் பதியலாமா?’ என்று கேட்டார்களாம். அவசரத்தில் ‘சரி’ என்று தட்டிவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்.

இதை இன்றே கவனியுங்கள். 1993 சட்டத்தின்படி, லைசென்ஸ் எடுக்கப் போகிற இடத்திலேயே பதிவு வசதியும் தர வேண்டும். அதனால் கவுன்டரில் இருப்பவர் எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார். உங்களுக்குத் தகுதி உண்டு என்று அதற்கு அர்த்தம் இல்லை. கிரீன் கார்டு, எச்1பி வேலை விசா எதுவானாலும் பதில் ‘வேண்டாம்’தான்.

மாநிலத் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். இருந்தால், எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி, அவர் சொல்கிறபடி பெயரை நீக்கச் சொல்லுங்கள். வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தாலும் தொடக்கூடாது. குடிமகன் அல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் (அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்) வாக்களித்தால் ஓராண்டு வரை சிறை, நாடு கடத்தலுக்கும் அது காரணமாகும். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்திலும் ‘எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா?’ என்று கேட்பார்கள். தெரியாமல் செய்தேன் என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம்.

எனக்கு ஒரே பெயர்தான், அப்பா பெயர் லாஸ்ட் நேம் ஆகிவிட்டது. கையெழுத்தோ தமிழில். தபால் வாக்கு செல்லுமா?

தமிழ்க் கையெழுத்து செல்லும். ஆனால் ஒரே கையெழுத்தாக இருக்க வேண்டும். பல மாநிலங்களில் உறையின் மேல் போட்ட கையெழுத்தைக் கோப்பில் இருப்பதோடு வைத்துப் பார்ப்பார்கள். டிஎம்வியில் மின்பலகையில் விரலால் கிறுக்கியதுதான் கோப்பில் இருக்கும், உறையிலோ பேனாவால் அழகாக எழுதியிருப்போம். நம் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். லைசென்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதேபோல் போடுங்கள். பெயரையும் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள், இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றாதீர்கள்.

பொருந்தவில்லை என்றால் பல மாநிலங்களில் சரிசெய்ய வாய்ப்புத் தந்து கடிதம் வரும். விளம்பரக் கடிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு என்னிடம் வந்து புலம்பியவர்கள் உண்டு.

டெக்சாஸில் இருக்கிறேன், வயது 40. வேலை நெருக்கடி. தபால் வாக்கு கேட்கலாமா?

வேலை நெருக்கடி அங்கே காரணம் ஆகாது. 65 வயது, நோய் அல்லது உடல் இயலாமை, வாக்களிப்புக் காலம் முழுக்கக் கவுண்டிக்கு வெளியே இருப்பது, பிரசவ நேரம் என்று சில காரணங்களுக்கு மட்டும்தான். முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களில் நேரில் போய்விடுங்கள். ஆரெகன், வாஷிங்டன், கொலராடோ மாதிரி மாநிலங்களில் கேட்காமலே எல்லாருக்கும் சீட்டு வீடு தேடி வரும். எல்லாம் நாம் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது.

நியூ ஜெர்சியில் தபால் சீட்டு வந்துவிட்டது. இப்போது நேரில் போய் இயந்திரத்தில் போட ஆசை.

இயந்திரத்தில் விடமாட்டார்கள். தற்காலிக வாக்குச்சீட்டு தருவார்கள், தபாலில் நீங்கள் ஏற்கெனவே போடவில்லை என்று சரிபார்த்த பிறகே அதை எண்ணுவார்கள். என்னிடம் வாசலில் நின்று கோபப்பட்டவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்.

பென்சில்வேனியாவில் எதற்கு இரண்டு உறை?

உள்ளுறை ரகசியத்துக்கு. சீட்டை நேராக வெளியுறைக்குள் போட்டால் எண்ண மாட்டார்கள். வேறு மாநிலங்களில் வேறு கண்டிப்பு: விஸ்கான்சினில் ஒரு சாட்சி கையெழுத்திட வேண்டும், அலபாமாவில் இரண்டு சாட்சிகள் அல்லது நோட்டரி.

கடைசி நாளில் தபால்பெட்டியில் போட்டால் போதாதா?

வேண்டாம். சில மாநிலங்கள் தபால் முத்திரைத் தேதியைப் பார்க்கும், சில மாநிலங்களில் தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்குள் கையில் சேர வேண்டும். முத்திரையும் பெட்டியில் போட்ட அன்றே விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பிரிப்பு மையத்துக்குப் போன பிறகே விழலாம். குறைந்தது ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்கிறது தபால் துறை. தாமதமாகிவிட்டால், உங்கள் கவுண்டி வைத்திருக்கும் வாக்குச்சீட்டுப் பெட்டியில் நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கள்.

அமெரிக்கக் குடியுரிமையோடு இரண்டு வருடத்துக்குக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். இங்கிருந்து போட முடியுமா?

முடியும். வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கான கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பம் என்று ஒரு படிவம் உண்டு. பதிவுக்கும் வாக்குச்சீட்டு கேட்பதற்கும் அது ஒன்றே போதும். நீங்கள் கடைசியாகக் குடியிருந்த மாநிலத்துக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு வருடமும் புதிதாக அனுப்புவது நல்லது. சீட்டு மின்னஞ்சலில் வேண்டும் என்று கேளுங்கள். நேரத்தோடு கேட்டவர்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலுக்கு 45 நாள் முன்பே அனுப்பியாக வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால், வேட்பாளர் பெயரை நாமே எழுதி அனுப்பும் அவசரகாலச் சீட்டு ஒன்று இருக்கிறது.

திருப்பி அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘தபால் கட்டணம் செலுத்தப்பட்டது’ என்று அமெரிக்க உறையில் அச்சிட்டிருப்பது நம்மூர் தபாலில் செல்லாது. இந்தியத் தபால்தலை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் கூரியர். சென்னைத் துணைத் தூதரகத்தில் கொடுத்தால் தூதரகப் பையில் போகும், ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம்.

ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருக்கிறதே, அப்படியே சட்டமன்றத் தேர்தலிலும் ஒரு ஓட்டு போடலாமா?

முடியாது. இந்தியக் குடியுரிமை போனதோடு அந்த ஓட்டும் போய்விட்டது. பழைய வாக்காளர் பட்டியலில் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், படிவம் 7 கொடுத்து நீக்கச் சொல்லுங்கள்.