ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தால் வீல் ஸ்பீடு சென்சாரை உடனே மாற்ற வேண்டுமா?

வேண்டாம், முதலில் சோதியுங்கள். காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் காட்டும் பழுதுக் குறியீடு (code) எந்தச் சக்கரம் என்றுதான் சொல்லும். பழுது சென்சாரில்தான் என்று சொல்லாது. நேர்ச்சாலையில் மெதுவாக ஓட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் நான்கு சக்கர வேகத்தையும் பார்க்கட்டும். ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் அந்தச் சக்கரத்தின் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள். முன்சக்கரத்தில் ஸ்டியரிங் திருப்பத் திருப்ப ஒயர் வளைந்து, உறைக்குள்ளேயே அறுந்துபோவது சகஜம்.

பழைய காந்தச்சுருள் சென்சார் என்றால் மல்ட்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பார்க்கலாம். பெரும்பாலும் 800 முதல் 2,000 வரை இருக்கும். இன்றைய கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஹால் (காந்தப்புலத்தை மின்சுற்றால் உணரும்) வகையில் அப்படிப் பார்க்கவே கூடாது, உள்ளிருக்கும் மின்சுற்று கெட்டுவிடலாம். அதற்கு மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் தேவையில்லாமல் பெடல் அதிர்ந்தால், எனக்கு முதல் சந்தேகம் டோன் ரிங்கின் (சக்கரத்தோடு சுழலும், சென்சார் வேகத்தை அறிய உதவும் வளையம்) விரிசல் அல்லது துரு மீதுதான். அப்புறம் பேரிங் ஆட்டம்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள்.