பழைய தெருவுக்குப் பசுமைச் சான்றிதழ்: வாங்கலாமா?

கேள்வி: கீழக்கரையில் எங்கள் தெருவில் சுமார் 40 வீடுகள். பெரும்பாலும் பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடங்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து தெருவையே புதுப்பிக்கலாம் என்று பேசிவருகிறோம். தெரு முழுவதற்கும் லீட் (LEED) என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப்போவது யார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

குடியிருப்புப் பகுதிகளுக்கான லீட் முறையை அமெரிக்கப் பசுமைக் கட்டட கவுன்சில் 2009இல் வெளியிட்டது. மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்றிதழ், 80 எடுத்தால் பிளாட்டினம். ஒரே நிர்வாகம் நிலத்தை வாங்கி, வரைபடம் போட்டுக் கட்டும் திட்டங்களுக்குத்தான் அது இயல்பாகப் பொருந்தும். அதன் நான்காம் பதிப்பில், கட்டிமுடித்த பகுதி என்றால் வேலை முடியும் தறுவாயில் இருக்க வேண்டும், அல்லது முடிந்து மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும். எல்லைக்குள் பசுமைச் சான்று பெற்ற கட்டடம் ஒன்றாவது இருப்பதும் கட்டாயம். 40 பட்டாக்காரர்கள், பாதி வீடு பூட்டு என்ற நிலையில் இதெல்லாம் நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

இந்திய முறைகள்? இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சிலிடம் ஏற்கெனவே இருக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்குத் தனி மதிப்பீடு உண்டு. அதுவும் பதிவுபெற்ற சங்கமும் பொதுக் கணக்கும் உள்ள அடுக்குமாடி வளாகங்களுக்கே தோது. கிரிஹா (GRIHA) என்ற இன்னோர் இந்தியப் பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறை வேறு ரகம். அதில் 2,500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடங்களுக்கு ஸ்வாகிரிஹா என்ற எளிய வடிவமும் இருக்கிறது.

அதனால் சான்றிதழை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் கேள்விப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. பள்ளிவாசல், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நடை தூரத்தில் இருக்கிறதா, தெருக்கள் ஒன்றோடொன்று இணைகின்றனவா என்றெல்லாம் லீட் கேட்கிறது. கட்டட உயரத்துக்கும் தெரு அகலத்துக்கும் உள்ள விகிதத்தைக்கூடப் பார்க்கிறது. உங்கள் முடுக்குகள் இதிலெல்லாம் சுலபமாகத் தேறும். நவீனம் என்ற பெயரில் யாராவது தெருவை அகலப்படுத்தச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசைப் போட வேண்டிய முதல் இடம் சுவர். உப்புப் பூத்து உதிரும் சுவருக்கு சிமென்ட் பூசுவதுதான் இன்று ஊரெங்கும் நடக்கிறது. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், பிறகு காற்றில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை அரிக்கும். பூச்சு இரண்டு மூன்று மழைக்காலத்தில் பாளம் பாளமாகப் பெயரும். சிமென்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்தான். அதற்காகவே பல வீட்டு வேலையை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் ஆள் வருவார்கள்.

கல் விஷயத்தில் கவனம். பழைய சுவர்களில் பவளப்பாறைக் கல் இருக்கலாம். பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புதிதாக எடுக்கவே கூடாது. மன்னார் வளைகுடாவில் கீழக்கரைத் தொகுதித் தீவான பூவரசன்பட்டி கடலுக்குள் போனதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். இடித்த கல்லை வேறு இடத்துக்கு ஏற்றுவதானால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

புதிதாக கான்கிரீட் போடும் இடங்களில் எம்30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) விட்டுப் போடுங்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கடற்காற்றுப் படும் கட்டடத்துக்குச் சொல்வது இதுதான். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிணற்று நீரைச் சோதிக்காமல் ஊற்றினால் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும்.

அடுத்தது மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், பெரும்பாலோர் நிலத்தில் இறக்கிவிடுகிறோம். நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடத்தில் தொட்டியில் பிடிப்பதே கைகொடுக்கும். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை என்றால், 100 சதுர மீட்டர் மட்டப்பாவிலிருந்து, விரயம் போக 64,000 லிட்டர் வரும். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும் என்பதால் தொட்டியைக் கொஞ்சம் தாராளமாகவே கட்டுங்கள்.

கூரை சோலாருக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. உப்புக்காற்றுக்கு அலுமினியச் சட்டமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எந்தப் பசுமைச் சான்றும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதிக்கு ஈடாகாது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இடித்துக் கட்டுவதாக இருந்தால் நகராட்சியில் முதலில் விசாரியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சான்றிதழ் வேண்டும் என்று ஆசைப்பட்டால், தெருவின் பொதுக் கட்டடம் ஒன்றை, ஒரு மண்டபத்தையோ மதரஸாவையோ எடுத்து அதற்கு மட்டும் வாங்குங்கள். பயன்பாட்டில் உள்ள கட்டடம் என்றால் பொதுவாக ஓராண்டு மின்சார, தண்ணீர்க் கணக்கு கேட்பார்கள். ரசீதுகளை இன்றே கோப்பில் போடத் தொடங்கலாம். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் தெருச் சங்கத்தைப் பதிவு செய்யும் வேலையை, துபாய்க்காரர்கள் பெருநாளைக்கு ஊர் வரும்போது முடித்துவிடுங்கள்.