பானுமதியின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பி’

அஸ்தம்பட்டி அன்பர்: மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் நடித்த பி. பானுமதியின் ‘பி’ ஊரைக் குறிக்கிறதா, தந்தையையா?

இரண்டையும் குறிக்கவில்லை. நமக்குத் தலைப்பெழுத்து என்றால் ஊரும் தந்தையும்தான் நினைவுக்கு வரும். சேலத்தில் நம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர். சுந்தரத்தின் ‘டி’ திருச்செங்கோடு, ‘ஆர்’ இராமலிங்கம். ஆந்திரத்திலோ பெயருக்கு முன்னால் வருவது ‘இண்டி பேரு’, அதாவது வீட்டுப் பெயர். தலைமுறை மாறினாலும் அது மாறாது. திருமணமான பெண் பெரும்பாலும் கணவரின் வீட்டுப் பெயரை ஏற்பார். ஓங்கோல் பக்கத்துத் தொட்டவரத்தில் 1925-இல் பொம்மராஜு வேங்கட சுப்பையாவின் மகளாகப் பிறந்த பானுமதி, 1943-இல் பி.எஸ். ராமகிருஷ்ண ராவை மணந்து பாலுவாயி குடும்பத்தவரானார். அந்தப் பாலுவாயிதான் நீங்கள் கேட்ட ‘பி’, ஆங்கிலத்தில் P.

ஓமலூர் அன்பர்: அப்படியானால் 1939-இல் ‘வர விக்ரயம்’ என்ற தெலுங்குப் படத்தில் அவர் அறிமுகமானபோது அந்த எழுத்து அவருக்கு இல்லையா?

இல்லை. அப்போது அவர் பொம்மராஜு வீட்டுப் பெண். அதன் முதலெழுத்தும் தமிழில் ‘பி’ என்றே ஒலித்தாலும், ஆங்கிலத்தில் அது B.

ஆத்தூர் அன்பர்: பரணி பிக்சர்ஸ் என்பதும் வீட்டுப் பெயரா?

அது அவருடைய மகனின் பெயர். கணவரும் மனைவியும் சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனத்திற்காக 1953-இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் இயக்கியவர் பானுமதியே. கதாநாயகியாக நடித்துக்கொண்டே ஒரு பெண் இயக்குநர் நாற்காலியிலும் அமர்வது அன்று எவ்வளவு அரிது என்பதை எண்ணினால், அவரை வெறும் நடிகை என்று குறிப்பிடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. தந்தையிடம் இசை பயின்றவராதலால் தம் பாடல்களைத் தாமே பாடினார். மாமியார் ஒருவரை நடுவில் வைத்துத் தெலுங்கில் நகைச்சுவைக் கதைகளும் எழுதினார்.

ஏற்காடு அன்பர்: சேலத்துப் படத்தில் அவருடைய பங்கு எத்தகையது?

1956-இல் வெளிவந்த ‘அலிபாபா’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், டி.ஆர். சுந்தரமே இயக்கினார், எம்.ஜி.ஆர். நாயகன். வண்ணத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது உண்மைதான், ஆனால் மார்ஜியானாவாக வந்த பானுமதியின் குரலையும் மிடுக்கையும் எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் பாதி போய்விடும் என்பேன். நீங்கள் மலையேறும் சாலையோரத்தில் நிற்கும் வளைவு அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில்தான்.

அஸ்தம்பட்டி அன்பர் மீண்டும்: நடிகை கொம்மாரெட்டி சாவித்திரியின் வீட்டுப் பெயரும் திருமணத்தால் வந்ததா?

அவருடைய கதை வேறு. நிஸ்ஸங்கர குருவய்யாவின் மகளான அவர், கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்து, பெரியப்பா கொம்மாரெட்டி வெங்கட்ராமய்யாவின் வீட்டில் வளர்ந்தார். ஆகவே கொம்மாரெட்டி என்பது அவரை வளர்த்த வீட்டின் பெயர்.