எல்லாரும் யுபிஐக்கு மாறிவிட்டார்களே, ரொக்கத்தை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்?

நிறையப் பேர். 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு அறிவித்தபோது நாட்டில் புழங்கிய ரொக்கம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச்சில் அது ஏறக்குறைய 35 லட்சம் கோடி. இத்தனைக்கும் 2023 ஆகஸ்டிலேயே யுபிஐ பரிவர்த்தனைகள் மாதத்துக்கு 1,000 கோடியைத் தாண்டிவிட்டன.

இரண்டும் எப்படிச் சேர்ந்து வளரும்? டீக்கடையிலும் பூக்காரம்மாவிடமும் மாறியது அன்றாடச் சில்லறைச் செலவுதான். ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று பீரோவில் புடவை மடிப்புக்குள் வைக்கும் நோட்டுக் கட்டு அப்படியே இருக்கிறது. புழக்கத்தில் உள்ள பணம் என்ற கணக்கில் அதுவும் சேர்த்திதான்.

கல்யாண வீட்டு மொய் மேசையைப் பாருங்கள். கியூஆர் அட்டை பல இடங்களில் வந்துவிட்டது. ஆனாலும் கவரில் 500 நோட்டோடு ஒரு ரூபாய் நாணயத்தையும் போட்டு, ஊர், பெயர் சொல்லி, மொய் நோட்டில் எழுதுகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்கள் பந்திக்கே போகிறார்கள்!

அப்புறம், மனை விற்பனை. அதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற பழக்கம் அதனால் நின்றுவிட்டதாகத் தெரியவில்லை.

எதற்கும் பத்தும் இருபதுமாகக் கொஞ்சம் பர்ஸில் வையுங்கள். சர்வர் மக்கர் செய்கிற நேரத்தில் 500 ரூபாயை நீட்டினால் பஸ் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.