வாசகர் கேள்வி பதில்: வெள்ளைப் பூச்சுக்கு அடியில் ஒரு முகம்

சேகரிப்புப் பழக்கங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் காமிக்ஸ், சினிமா கதாபாத்திர ஓவியங்களைச் சேர்ப்பவர்களின் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

கேள்வி: சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்றின் ஒரிஜினல் பக்கத்தை, அதாவது ஓவியர் கையால் வரைந்த தாளையே, எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. “அதே படம்தான் புத்தகத்தில் கலரில் இருக்கிறதே, கறுப்பு வெள்ளைத் தாளுக்கு ஏன் இப்படி ஏங்குகிறாய்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

முதலில் அளவைச் சொல்லுங்கள். அமெரிக்க காமிக்ஸ் பக்கத்தை வழக்கமாக 11க்கு 17 அங்குலத் தாளில் வரைகிறார்கள். 1967 வாக்கில்தான் இந்த அளவுக்கு வந்தார்கள், அதற்கு முன் தாள் இன்னும் பெரிசு. அது சுருங்கித்தான் புத்தகமாக நம் கைக்கு வருகிறது. சுருங்கும்போது கோடுகள் இறுகி, பிசிறெல்லாம் மறைந்து, படம் ரொம்பச் சுத்தமாகிவிடும். ஒரிஜினலில் அந்தப் பிசிறு அப்படியே இருக்கும்.

நான் முதன்முதலாக ஒரு பக்கத்தைக் கையில் வாங்கியபோது கண் நேராகப் போனது மூன்றாவது கட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைத் திட்டுக்கு. தாளை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் அதற்கு அடியில் இன்னொரு முகம் தெரிந்தது, வாய் திறந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, நல்ல கோபத்தில். ஓவியர் அது வேண்டாம் என்று வெள்ளை பூசி மூடிவிட்டு மேலே ஓர் அமைதியான முகத்தை வரைந்திருக்கிறார். அந்தக் கதையை நான் இருபது முறையாவது படித்திருப்பேன், அந்தக் கோப முகம் இருந்ததே எனக்குத் தெரியாது.

இப்படி ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது கிடைக்கும். ஓரங்களில் வெளிர் நீல பென்சில் கோடுகள் அழிக்காமலேயே கிடக்கும், அச்சகக் கேமராவில் அந்த நீலம் விழாது என்பதால் அழிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. புத்தகத்தில் ஒரே கறுப்பாகத் தெரிகிற இரவு வானம் இங்கே தூரிகை போன திசையெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும். பழைய பக்கங்களில் வசனத்தை எழுதி ஒட்டிய துண்டுகள் கழன்று விழுந்து, பசை இருந்த இடம் மட்டும் பழுப்பாக நிற்கும். இப்போதைய பக்கங்களில் பெரும்பாலும் வசனமே இருக்காது, அதைக் கணினியில் சேர்த்துவிடுகிறார்கள்.

வாங்கப் போகிறவர் ஒன்றை மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். பென்சிலில் வரைபவர் ஒருவர், அதன்மேல் மையிடுபவர் இன்னொருவர் என்பது பழைய வழக்கம். இன்று பல நேரம் பென்சில் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள், மையிடுபவர் அதை வெளிர் நீலத்தில் அச்செடுத்து அதன்மேல் மையிடுகிறார். ஆக ஒரே பக்கத்துக்கு இரண்டு ஒரிஜினல்கள், இரண்டும் உண்மையானவை. உங்களுக்கு வருவது எது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பிரிண்ட்டில் 12/250 என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. எண் குறைவாக இருந்தால் மதிப்பு அதிகம் என்கிறார்களே?

மொத்தம் 250 பிரதிகளில் உங்களுடையது 12-வது என்று அர்த்தம். செப்புத் தகட்டில் அச்சடித்த காலத்தில் எண்ணுக்கு மதிப்பு இருந்தது. தகடு தேயத் தேய படம் மங்கும், முதலில் வந்த பிரதிகள்தான் கூர்மையாக இருக்கும். இன்றைய இங்க்ஜெட் பிரிண்ட்டில் 12க்கும் 240க்கும் தரத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது. மொத்தம் எத்தனை அடித்தார்கள், தாள் என்ன, மை எப்படிப்பட்டது, கையெழுத்து கையால் போட்டதா என்று பாருங்கள், போதும்.

கேள்வி: கார்ட்டூன் படங்களுக்கு வரைந்த ‘செல்’ ஒன்றை வாங்க நினைக்கிறேன். எது உண்மையில் படத்துக்குப் பயன்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செல் என்பது ஒளி ஊடுருவும் தகடு, அதில் வரைந்ததைக் கேமராவில் ஒவ்வொன்றாகப் படம்பிடித்துத்தான் கார்ட்டூன் எடுத்தார்கள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். திருப்பிப் பாருங்கள், கையால் பூசிய வண்ணம் மேடும் பள்ளமுமாக இருக்கும். விளிம்பில் தகட்டைப் பொருத்துவதற்கான துளைகளும், பெரும்பாலும் ஒரு மூலையில் வரிசை எண்ணும் இருக்கும். இதெல்லாம் இல்லாமல் வண்ணம் ஒரே சீராக இருந்தால் அது விற்பனைக்கென்றே சில்க் ஸ்கிரீன் அச்சில் செய்த ‘செரிசெல்’ ஆக இருக்கலாம். அதையும் ஆசையாக வாங்கி மாட்டலாம், ஆனால் அது கேமராவைப் பார்த்ததில்லை.

வருடம் தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள். 1961-ல் டிஸ்னியின் ‘நூற்றியொரு டால்மேஷியன்கள்’ வந்தபோது ஓவியரின் பென்சில் கோட்டை நேரடியாகத் தகட்டில் நகலெடுக்கும் முறை முழுப் படத்துக்கும் வந்துவிட்டது, அதற்கு முந்தைய டிஸ்னி படங்களில் கோடு பெரும்பாலும் கையால் மையிட்டது. 1989-ல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’தான் கையால் வண்ணம் பூசிய செல்களோடு டிஸ்னியின் முதன்மை அனிமேஷன் ஸ்டுடியோ எடுத்த கடைசி முழுநீளப் படம், அடுத்த வருடமே கணினிக்கு மாறிவிட்டார்கள். அந்த ஸ்டுடியோவின் பிந்தைய முழுநீளப் படம் ஒன்றின் செல், அதுவும் கேமராவுக்கு வைத்து எடுத்தது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

வந்த செல்லை ஒருமுறை முகர்ந்தும் பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் தகடு சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மற்ற செல்களுடன் சேர்த்து வைக்காதீர்கள்.

கேள்வி: நிகழ்ச்சிகளில் ஓவியர்களிடம் வாங்கிய மார்க்கர் ஸ்கெட்ச்களைச் சுவரில் மாட்டலாமா?

மாட்டலாம், வெயில் படாத சுவரில். இதை நான் நொந்து கற்றுக்கொண்டேன். ஓர் ஓவியர் என் கண்முன்னே பத்தே நிமிடத்தில் வரைந்து கொடுத்த படம், பறக்கும் சிவப்பு மேலங்கி, கீழே என் பெயர். ஃபிரேம் போட்டு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். மூன்றாவது வருடம் துடைப்பதற்காகக் கழற்றியபோதுதான் கவனித்தேன், ஃபிரேமின் விளிம்பு மறைத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, மற்றதெல்லாம் வெளுத்த ரோஜா நிறம். என் பெயரையும் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

மார்க்கர் மை பெரும்பாலும் சாய வகை, வெளிச்சத்துக்குத் தாங்காது. போன நிறம் திரும்பி வராது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும், முழுக் காவல் அல்ல. அமிலமில்லாத அட்டை போடச் சொல்லுங்கள், படம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள், பின்னால் செல்லோ டேப் ஒட்ட விடவே விடாதீர்கள். நான் இப்போது நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் இருப்பதை மாற்றி, மற்றவற்றை ஃபைலில் படுக்கை வாட்டத்தில் வைக்கிறேன். ஃபைல் உறை பிவிசி வேண்டாம், பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் நல்லது.

கேள்வி: போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு புள்ளி புள்ளியாக உடைந்தால் அது அச்சு. பிறகு வெளியான பக்கத்தோடு ஒவ்வொரு கோடாக ஒப்பிடுங்கள், பார்த்து வரைபவர்கள் முகத்தைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள், பின்னணியில் கிடக்கும் செங்கல், புகை, துணி மடிப்பில் கோட்டை விடுவார்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ரொம்ப காலத்துக்கு ஓவியர்களுக்கு அவர்கள் வரைந்த பக்கங்களே திரும்பக் கிடைக்கவில்லை. பல்லாயிரம் பக்கம் வரைந்த அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பிக்கு, நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1987-ல் மார்வெல் பதிப்பகத்திடமிருந்து திரும்பி வந்தவை சுமார் 2,000. எங்கிருந்து எப்படி வெளியே போனது என்று தெரியாத பழைய பக்கங்கள் நிறைய உண்டு. முடிந்தால் ஓவியரிடமோ அவர் குடும்பத்திடமோ வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கேள்வி: எனக்குப் பிறகு இவையெல்லாம் என்ன ஆகும் என்ற கவலை வந்துவிட்டது.

ஸ்பைடர்மேன் முதன்முதலாக வந்த 1962 இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 ஒரிஜினல் பக்கங்களையும் ஒருவர் பத்திரமாக வைத்திருந்து 2008-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கங்கள் பிரிந்து பல கைக்குப் போகாமல் ஒரே இடத்தில் இருக்கின்றன. எனக்கு அவர் மேல் அப்படியொரு மரியாதை.

நம்மிடம் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஓவியர் யார், எந்தக் கதை, எத்தனையாவது பக்கம், எப்போது யாரிடம் வாங்கினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி, அதே எண்ணை உறையின் மேல் போடுங்கள், ஓவியத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது காட்டி வையுங்கள். என் மகளிடம் நோட்டைக் காட்டியபோது அவள் முதலில் கேட்டது அந்த வெள்ளைத் திட்டைத்தான். விளக்கைப் போட்டு, தாளைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன்.